வாய் திறக்க அஞ்சிய காலம்

பிறருக்கு வந்தால் வேடிக்கையாகவும் தமக்கு வந்தால் வேதனையாகவும் தோன்றும் நோய் பல்வலி. கன்னம் வீங்கியவரைக் கண்டு நகையாடாதவர் யார்? "பல் போனால் சொல் போச்சு" என்று நம் முன்னோர் பல்லின் பெருமையைப் பேசினர். ஆயினும் பல் மருத்துவரின் பெருமையை நாம் பேசுவதில்லை. இருதயத்தைக் காத்தவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம்; பல்லைக் காத்தவரிடம் கட்டணத்தைக் குறைக்குமாறு கேட்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த கொள்ளைநோய் இந்த மனப்போக்கை மாற்றியிருக்க வேண்டும். மாற்றியதா என்று நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அவ்வாண்டு மார்ச் 24 மாலை தமிழகத்தில் தடையுத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. அந்த 25-ஆம் நாள் அதிகாலையில் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நேர்ந்தது. மேலூரிலிருந்து மதுரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். எங்கோ தொலைதூர நாட்டில் என்று கேட்டுவந்த செய்தி நம் வாசலுக்கு வந்துவிட்டது. பேருந்து நிலையம் வெறிச்சோடியது. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. ஏப்ரல் 12-ஆம் நாள் வந்த உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியை வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் கண்டோம். மளிகைக் கடையும் மருந்துக் கடையும் குறித்த நேரத்தில் திறந்தன. பல் மருத்துவமனைகள் பெரும்பாலும் சாத்தியே கிடந்தன.

இதற்குக் காரணம் உண்டு. பல்லைக் குடையும் கருவி நிமிடத்திற்கு மூன்று இலட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழல்வது. அச்சூட்டில் பல் வெந்துவிடாதபடி அதன் முனையில் நீர் பீச்சிக் கொண்டே இருக்கும். அந்நீர் நோயாளியின் உமிழ்நீரோடும் குருதியோடும் கலந்து, கண்ணுக்குப் புலப்படாத துளிகளாய்ச் சிதறிக் காற்றில் மிதக்கும். பல் மருத்துவரின் முகமோ நோயாளியின் வாயிலிருந்து ஒரு முழத்திற்குள் இருக்கும். மருத்துவர் முகமூடி அணியலாம். சிகிச்சை பெறுபவர் அணிய இயலுமா? 'எட்டி நில்லுங்கள்' என்று உலகமே முழங்கிய காலத்தில், எட்டி நின்று செய்ய முடியாத பணி இது ஒன்று.

ஆகவே 2020 மே மாதத்தில் நடுவண் அரசின் சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது. நோய் பரவிக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் மருத்துவமனைகள் மூடியிருக்க வேண்டும். தொலைபேசி வழியே ஆலோசனை கூறலாம். ஏனைய இடங்களிலும் உயிருக்கு ஊறு விளைக்கும் வீக்கம், நில்லாத குருதி, தாங்கொணா வலி ஆகிய அவசர நிலைகளுக்கே முதலிடம். பல் சுத்தம் செய்தல், பல் செட்டு கட்டுதல் முதலியன பிறகு பார்த்துக் கொள்ள வேண்டியவை. பல்லுக்குக் கம்பி போட்டிருந்த பிள்ளைகள் அக்கம்பி கன்னத்தில் குத்தக் குத்த மாதக்கணக்கில் காத்திருந்தனர். பாதி முடிந்த வேர்ச் சிகிச்சையோடு பலர் நாட்களை எண்ணினர். ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மதுரை மாநகரிலும் சுற்றியுள்ள சில பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, மதுரைக்குச் சென்று காட்டலாம் என்றிருந்த நம்மவர்க்கு அவ்வழியும் அடைபட்டது.

அந்நாட்களில் எங்கள் இல்லத்து அப்பத்தாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தது. நீரிழிவு நோய் உடையவர். வயது எழுபதைக் கடந்தவர். எங்களுக்குப் பழக்கமான பல் மருத்துவர் கைப்பேசியில் வீக்கத்தைப் பார்த்து மாத்திரை எழுதினார். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்புளிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கத் தொடங்கியது. "இனிக் காத்திருக்கலாகாது, அழைத்து வாருங்கள்" என்றார். அவரே வந்து பூட்டைத் திறந்தார். தலை முதல் கால் வரை மூடிய உடற்கவசம், இரட்டை முகமூடி, அதன்மேல் கண்ணாடித் தடுப்பு. குளிர்சாதனம் இயக்கவில்லை, சன்னல்கள் திறந்திருந்தன. சித்திரை வெயிலின் புழுக்கத்தில் அவர் உடலெல்லாம் வியர்வை வழிந்தது. "வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கே, உனக்குப் பயமா இல்லையா தம்பி?" என்று அப்பத்தா கேட்டார். "இருக்கு பாட்டி. அதனால்தான் பதினைந்து நாளாய் மாடி அறையில் தனியாய்ப் படுக்கிறேன். நீங்க வாயைத் திறங்க" என்றார் அவர். சீழ் வெளியேறியது, பல்லும் எடுக்கப்பட்டது. கழுத்துக்கு இறங்கும் வீக்கம் மூச்சுக் குழலையே அடைத்துவிடும் என்பதைப் பின்னர் அவர் விளக்கியபோதுதான், அன்று மாலை காக்கப்பட்டது ஒரு பல் அன்று, ஓர் உயிர் என்பது எங்களுக்கு விளங்கியது.

அவர் வாயிலாகவே வேறு சிலவற்றையும் அறிந்தோம். வருமானம் நின்றாலும் கட்டட வாடகை நிற்கவில்லை. சிகிச்சை நாற்காலி வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக் கொண்டிருந்தது. உதவிக்கு இருந்த இரு பெண்பிள்ளைகளுக்கும் பாதிச் சம்பளமேனும் கொடுத்து வந்தார். மீண்டும் கதவைத் திறந்தபோது ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை, புதுக் கவசம். ஒருவர் சென்றபின் அறையைத் துடைத்துக் காற்றோட்டத்திற்கு விடும் நேரம். நாளொன்றுக்குப் பதினைந்து பேரைப் பார்த்தவர் நான்கு பேரைத்தான் பார்க்க முடிந்தது. கட்டணம் சிறிது கூடியது. உடனே ஊரில் முணுமுணுப்பு எழுந்தது: 'கொரோனாவைக் காட்டிக் கொள்ளையடிக்கிறார்கள்' என்று. எங்கேனும் அவ்வாறு செய்தவரும் இருந்திருக்கலாம். ஆனால் உழைப்புக்கும் ஆபத்துக்கும் உரிய நியாயமான ஊதியத்தைக் கொள்ளை என்று தூற்றுவது நீதியாகுமா? அதே வேளையில், கூலி வேலையும் இழந்து, பல்வலியோடு உறங்காதிருந்த ஏழைக்கு அந்தச் சிறு உயர்வும் மலையாகத் தோன்றியது என்பதையும் மறுக்கலாகாது. மருத்துவர், ஏழை இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இடையில் இருந்து உதவ வேண்டியவர்கள் நாம் அல்லவா?

கொள்ளைநோய் பல் மருத்துவத்தை மாற்றுவது இது முதல் முறையன்று. வெறுங் கையால் நோயாளியின் வாயைத் தொட்டுச் சிகிச்சை செய்வதே ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. எயிட்ஸ் நோய் பற்றிய அச்சம் 1980-களில் உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் அக்கிருமி 1986-இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின்னரே கையுறை அணிவதும், ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியை அழுத்த நீராவியில் தூய்மை செய்வதும் உறுதியான விதிகளாயின. அன்று வந்த நோய் மருத்துவரின் கைக்கு உறை தந்தது. இன்று வந்தது முகத்திற்குக் கவசம் தந்தது. இவ்விரண்டாலும் நலம் பெறுவோர் நாமே.

2021 மே மாதத்தில் கரும்பூஞ்சை என்னும் மற்றொரு துன்பம் தொடர்ந்தது. தமிழக அரசு அதனை, கண்டவுடன் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக அம்மாதமே ஆணையிட்டது. கொரோனாவிலிருந்து மீண்ட நீரிழிவு நோயாளருக்கு மேல்தாடைப் பற்கள் திடீரென ஆடின, கன்னம் மரத்தது, அண்ணம் கறுத்தது. சாதாரணப் பல்வலி என்று எண்ணி வந்தவர்களிடம் இக்குறிகளைக் கண்டு, காலந் தாழ்த்தாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியவர்கள் பல் மருத்துவர்களே. நோய் தின்ற மேல்தாடையை அறுத்தெடுக்க நேர்ந்தவர்களுக்குச் செயற்கை அண்ணம் பொருத்தி, மீண்டும் உண்ணவும் பேசவும் செய்தவர்களும் அவர்களே. 2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடி நிலை முடிந்ததென அறிவித்தது. நோய் தணிந்தது, நம் நன்றியும் உடன் தணிந்துவிடலாமா?

நம் ஆண்டவர் காது கேளாத, திக்கிப் பேசிய ஒருவனைக் குணமாக்கியபோது செய்ததை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். எட்டி நின்று ஒரு வார்த்தை கூறியிருந்தாலும் அவன் குணமடைந்திருப்பான். ஆயினும் அவர் தம் விரல்களை அவன் காதுகளில் இட்டார். உமிழ்நீரால் அவன் நாவைத் தொட்டார். மனிதன் அருவருக்கும் இடத்தை இறைமகன் தொட்டார்! பிறர் வாயைத் தொட்டுப் பணி செய்வோர்க்கு இதனினும் மேலான பெருமை வேண்டுமோ?

பல் நோயாளருக்கும் பல் மருத்துவர்க்கும் பாதுகாவலி புனித அப்போலோனியா. கி.பி. 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் வெறிகொண்ட கூட்டத்தார் இம்முதிய கன்னியின் பற்களை அடித்து நொறுக்கினர். தீயில் அவள் உயிர் ஈந்தாள். அவள் வரலாற்றை எழுதி வைத்தவர் அந்நகர ஆயர் தியோனிசியு. சில ஆண்டுகளுக்குப்பின் அதே நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, கிறிஸ்தவர்கள் தம்முயிரைப் பொருட்படுத்தாது நோயாளரைப் பேணி, அவ்வாறே மாண்டதையும் அவரே எழுதினார். ஓர் ஆயரின் மடல்களில் பல்லும் கொள்ளைநோயும், இரத்த சாட்சியும் அன்புப் பணியும் இடம்பெற்றிருப்பது நம் சிந்தனைக்குரியது.

அன்பர்களே, நாம் செய்யத்தக்கவை சில உண்டு. காய்ச்சலோ இருமலோ நீரிழிவோ இருப்பின் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவோம். அவரும் ஒரு குடும்பத்தின் தந்தை, ஒரு தாயின் மகள். வலி முற்றும்வரை காத்திராது காலத்தே செல்வோம். நியாயமான கட்டணத்தை மனமுவந்து கொடுப்போம். கொடுக்க இயலாதவர் நம் பங்கில் இருந்தால், வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாகவோ நேரிலோ அவர் கைக்கு அத்தொகை சேரச் செய்வோம். பிப்ரவரி 9-ஆம் நாள் புனித அப்போலோனியா திருநாள். அன்று மாலைக் குடும்ப செபத்தில், அஞ்சிய காலத்திலும் கதவைத் திறந்த மருத்துவர்களுக்காகவும், அப்பணியில் உயிர் நீத்தோர்க்காகவும் ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்வோம். நலமாயிருக்கும் வாயால் நாம் செய்யக்கூடிய நற்செயல்களுள் அது தலையாயது.