அரைப்பேர்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளையே எழுதலாமென முதலில் எண்ணினேன். ஆயின் ஆசிரியப் பெருமக்களின் புலமை, விடுதி வாழ்க்கையின் குறும்புகள், சரஸ்வதி பூசை நாளின் கோலாகலம் ஆகியவற்றை என்னிலும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக என் நாவால் எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல இவ்விடத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அது பெயரிடாமல் நான் எழுதிய இரண்டு வரிகளைப் பற்றியது.

1966ஆம் ஆண்டில் எங்கள் வகுப்பு மாணவர் கையெழுத்துப் பத்திரிகையொன்று நடத்தினோம். மாதத்துக்கு ஒரு பிரதிதான். அழகாக எழுதும் மாணவனொருவன் கதை, கவிதை, கட்டுரை யாவற்றையும் படியெடுப்பான். சித்திரம் வல்லவன் அட்டைக்கு வர்ணந் தீட்டுவான். இறுதியில் நாலைந்து தாள்கள் வெறுமையாக விடப்பெறும். படித்தவர் தம் கருத்தை அங்கே எழுதலாம். பெயரிட வேண்டுமென்ற கட்டாயமில்லை. உண்மையைச் சொன்னால், பத்திரிகை கைக்கு வந்ததும் பலரும் அந்தக் கடைசித் தாள்களையே முதலிற் புரட்டினோம். ஆக்கம் படைத்தவனுக்காவது ஒரு புனைபெயர் இருந்தது. கருத்துரைத்தவனுக்கு அதுவும் இல்லை.

ஒரு மாதம் எங்கள் வகுப்பு நண்பனொருவன் கவிதை எழுதியிருந்தான். ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்தவன் அவன். தன் தோட்டத்து ஓடையின் பெயரையே புனைபெயராகக் கொண்டிருந்தான். அவன் யாரென்பது வகுப்பு முழுவதும் அறிந்ததே. கவிதையின் தலைப்பு ‘அரைப்பேர்’. தோட்டத்தை அறியாதவர்க்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்பது வழக்கு. அன்றைய வேலை செக்ரோலில் பதிவானால் ‘பேர் விழுந்தது’ என்பார்கள். நேரம் பிந்தினாலோ, கொழுந்தின் நிறை குறைந்தாலோ அரை நாட் கூலியே பதிவாகும், அதுதான் அரைப்பேர். கைக்குழந்தைக்குப் பாலூட்டப் பிள்ளைக்காம்பராவுக்குப் போன தாயொருத்தி மலைக்குத் திரும்பப் பிந்தியதால் அன்று அரைப்பேர் பெற்றாள் என்பதே கவிதையின் பொருள். அந்தத் தாய் அவனைப் பெற்றவள்தான் என்பதைப் படித்தவர் எவரும் உணர்ந்திருப்பர்.

கடைசித் தாளில் நான் எழுதினேன்: “பேரில் அரைப்பேரும் உண்டோ? புலவர் லயத்து மொழியை லயத்திலேயே விட்டு வருவாராக.”

கையெழுத்தைச் சற்றே மாற்றி எழுதியிருந்தேன். மறுநாள் அதன் கீழே வேறு சிலரும் பெயரின்றித் தங்கள் பங்குக்கு எழுதியிருந்தனர். சிரிப்பு வகுப்பெங்கும் பரவிற்று. அடுத்த மாதப் பத்திரிகையில் அந்த ஓடையின் பெயர் இல்லை. அதன் பின்னரும் ஒருபோதும் வரவில்லை.

இனிச் சொல்லவேண்டியதே கடினமானது. நானும் லயத்திற் பிறந்தவன். என் தந்தையார் கவ்வாத்து வெட்டினார். தாயார் கொழுந்து பறித்தார். கல்லூரிப் பதிவேட்டில் தோட்டத்தின் பெயர் இருந்ததெனினும், தோழர்கள் ஊர் கேட்டால் ‘ஹற்றன்’ என்று மட்டுஞ் சொல்வேன். ‘அப்பா அங்கே உத்தியோகம்’ என்று சொன்னதும் உண்டு. நண்பன் தன் தாயின் அரைக் கூலியைக் கவிதையாக்கி வகுப்பின் முன் வைத்தபோது, என் வீட்டுக் கதவையே எவரோ திறந்துவிட்டது போல எனக்கு அச்சமுண்டாயிற்று. அந்த அச்சமே அவ்விரு வரிகளை எழுதிற்று. பிறந்த இடத்தை முன்னரே மறைத்திருந்தேன்; அன்று பெயரையும் மறைத்தேன்.

பின்னாளில் ஆசிரியப் பணியில் அமர்ந்து மலைநாட்டு வரலாற்றைப் படிக்கலானேன். பெயரை மறைத்தல் எக்காலத்தும் இழிவன்று என்பதை அப்போதுதான் கண்டேன். மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தோட்டங்கள்தோறும் வழங்கிய நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அப்பாடல்களுள் ஒன்றுக்கேனும் ஆக்கியோன் பெயர் இல்லை. கங்காணியின் கொடுமையையும் துரையின் கடுமையையும் நேரிற் சொன்னவனுக்குப் பற்றுச்சீட்டுக் கிடைக்கும். வேலையோடு குடியிருந்த காம்பராவும் போகும். பாட்டாகச் சொன்னால், பாடியவர் யாரென எவரைப் பிடித்துக் கேட்பது? எல்லார் வாயிலும் இருந்த பாட்டு ஒருவர் தலையையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கோ. நடேசய்யர் அவர்களின் வரலாறும் அத்தகையதே. அந்நியர் தோட்டத்துக்குள் நுழையத் தடையிருந்த காலம் அது. தஞ்சையிலிருந்து வந்த அவர், புடவை வியாபாரி போல வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்று மக்களின் நிலையை அறிந்தார். ஆயின் அவர் அவ்வேடத்திலேயே நின்றுவிடவில்லை. கண்டதைத் தம் பெயரோடு பத்திரிகைகளில் எழுதினார். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தார். உள்ளே செல்லும்வரைதான் மறைவு வேண்டியிருந்தது. பேசும்போது முகத்தைக் காட்டியே பேசினார்.

எழுத்தாளர் கொள்ளும் புனைபெயரோ பிறிதொரு வகை. நல்லையா என்னும் இயற்பெயருடையார் ‘சாரல்நாடன்’ என எழுதினார். நடேசய்யரின் வரலாற்றை நூலாக்கியவரும் அவரே. ஜோசப் என்பார் பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூட்டிக்கொண்டு, 2022இல் மறையும்வரை ‘தெளிவத்தை ஜோசப்’ என்றே வாழ்ந்தார். நான் எதை மறைத்தேனோ அதனையே அவர் நெற்றியில் எழுதிக்கொண்டார்! இத்தகைய பெயரை முகமூடி என்று சொல்லுதல் தகாது. ஆண்டுகள் பலவாக ஒருவர் சுமக்கும் புனைபெயரிற் புகழும் சேரும், பழியும் சேரும்; நேற்று எழுதியதற்கு இன்று அப்பெயர் விடைசொல்லியாக வேண்டும்.

‘எவராயினும் சொந்தப் பெயரிட்டே பேசுக’ என்று விதித்துவிட்டால் எல்லாம் சீராகிவிடுமோ எனில், அதுவும் இல்லை. தோட்டத்தில் ஒவ்வொருவர் பெயரும் செக்ரோலில் ஒழுங்காக எழுதப்பெற்றே இருந்தது. ஆயினும் 1948இன் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், அப்பெயர்களுட் பெரும்பாலானவை வாக்காளர் இடாப்பில் இடம்பெறாது போயின. பெயர் தெரிந்திருப்பதும் பேச உரிமை பெற்றிருப்பதும் ஒன்றல்ல. தண்டிக்கும் வல்லமை உடையவன் முன்னே எளியவன் பெயரை மறைத்தால், அது கவசம். ஒத்தவனையோ எளியவனையோ தாக்கிவிட்டு அடியேற்க நில்லாமல் மறைந்தால், அதே மறைவு கோழைத்தனம். என் இரு வரிகள் எவ்வகையைச் சேர்ந்தவை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் ஆயிற்று. என் நண்பனின் குடும்பம் முதற் கூட்டத்துள் விழுந்தது. 1974இல் ஹற்றன் புகைவண்டி நிலையத்துக்கு அவனை வழியனுப்பச் சென்றேன். தலைமன்னாருக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போகவேண்டும். மேடையெங்கும் கட்டிப்பிடித்து அழுகின்ற மக்கள், தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள். அவனுடைய தாயார் என் கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னார். அழுகையொலியில் எனக்குக் கேட்கவில்லை. வண்டி புறப்படச் சிறிது நேரமே இருந்தது. அந்த வரிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டுமென வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டான்.

“அது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. அரைப்பேருன்னா என்னன்னு தெரியாதவன், நான் தப்பா எழுதிட்டேன்னு நெனைச்சிருப்பான். லயத்துப் பேச்சுன்னு கண்டுபிடிக்க லயத்துல பொறந்தவனாலதான் முடியும்.”

“பிறகு ஏன் என்னைக் கேட்கவில்லை?” என்றேன்.

“கேட்டா சண்டை வரும். சண்டை வந்தா நீயும் லயத்துப் பையன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போகும். அதான் விட்டுட்டேன்.”

வண்டி நகர்ந்தது. பதினாறு வயதில் ஒருவன், தன்னை அவமதித்தவனின் இரகசியத்தைக் காப்பதற்காகத் தன் எழுதுகோலைக் கீழே வைத்தான் என்பதை அந்த மேடையில் நின்றபோதுதான் அறிந்தேன். மறைவின் நன்மை முழுவதும் எனக்கு. அதன் விலை முழுவதும் அவனுக்கு. அவன் பின்னர் எழுதினானோ, அறியேன். ஒரு கடிதம் வந்தது. அதற்கு நான் எழுதிய மன்னிப்புக்கு விடை வரவில்லை.

அன்று முதல், ஊர் கேட்பவர்க்கு என் தோட்டத்தின் பெயரையே சொல்லி வருகிறேன். நான் கற்பித்த பாடசாலைகளிற் கையெழுத்துப் பத்திரிகை நடந்தபோதெல்லாம் கடைசித் தாள்களை வெறுமையாகவே விடச் செய்தேன். அவற்றை மூடிவிட எனக்கு மனமில்லை. ஆயின் ஒரு விதி வைத்தேன். பெயரை வெளியிட அஞ்சுவோர் புனைபெயர் இடலாம். அப்பெயர் ஆண்டு முழுவதும் மாறலாகாது. அதற்குரியவர் யாரென்பது பொறுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதிபரைக் குறைகூறிய மாணவர் பெயரைக் கேட்டு ஒருமுறை என்னை நெருக்கினர், நான் சொல்லவில்லை. நண்பனைப் பழித்த மாணவனை மட்டும் தனியே அழைத்து, “இதை அவன் முகத்துக்கு நேரே சொல்வாயா?” என்று கேட்பேன். பெரும்பாலோர் தாமே அடித்துவிடுவர்.

இன்றோ கருத்துரைக்க ஏடும் எழுதுகோலும் வேண்டியதில்லை; கையடக்கத் தொலைபேசி போதும். கடைசித் தாளும் முடிவற்றதாக நீண்டுவிட்டது. கல்லூரியன்னையின் மடியில் இன்று தவழும் இளைய மாணவர்க்கு, மூத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். பெயரை மறைக்கவேண்டிய வேளை வாழ்க்கையில் வரலாம். வந்தால் தயங்காது மறையுங்கள். அதற்குமுன், எவரிடமிருந்து மறைகின்றோம் என ஒருகணம் எண்ணிப் பாருங்கள். என் வகுப்பில் எவருடைய கைக்கும் அஞ்சவேண்டிய நிலை எனக்கிருக்கவில்லை. என்னிடமிருந்தே நான் மறைந்துகொண்டேன். அந்த ஆண்டில் அரைப்பேர் விழுந்தது அவன் தாய்க்கு மட்டுமன்று.

கல்லூரியன்னை நீடு வாழ்க!