எட்டுக்கால் விருந்தாளி

எம் இளைய மகள் சிலந்தி வளர்க்க விரும்பியபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. புலிமுகச் சிலந்தியைக் கண்டதும் விளக்குமாற்றைத் தேடிய பரம்பரையல்லவா நாம்! ஆயினும் அவள் தேர்ந்தது சிலி நாட்டு ரோஜாச் சிலந்தி. சாதுவானது, புதிதாக வளர்ப்போர்க்கு ஏற்றது.

உயரங்குறைந்த கண்ணாடிப் பெட்டி, இறுக்கமான மூடி, உலர்ந்த மண், ஒளிந்துகொள்ள மரப்பட்டை, தண்ணீர்க் கிண்ணம், வாரம் ஓரிரு சிறு வெட்டுக்கிளிகள், இவை போதும். கையில் ஏந்துதல் ஆகாது. தவறி வீழ்ந்தால் வயிறு வெடித்து மாளும். அஞ்சினால் வயிற்று மயிரை உதறும். அது கண்ணிற் பட்டால் பெருந்துன்பம்.

சென்ற மாரியில் பல வாரம் இரை மறுத்த சிலந்தி, ஒருநாள் மல்லாந்து கிடந்தது. இறந்ததென்று மகள் அழுதாள். எடுத்தெறியுமாறு இல்லாள் கூறினார். இறக்கும் சிலந்தி பெரும்பாலும் கால்களை உள்ளே மடக்கிக் கவிழ்ந்து கிடக்கும். மல்லாந்து கிடத்தல் தோலுரிப்பதற்கே என்று நாம் படித்திருந்தோம். எவரையும் தொடவிடவில்லை. சில மணி நேரத்தில் பழைய தோலைக் கழற்றிவிட்டுப் புதுமெருகுடன் எழுந்தது. நச்சுப்பற்கள் கெட்டியாகும்வரை, ஒரு வாரத்துக்கு மேலாக, இரை வைக்கவில்லை. மெலிந்த உடலை அவ்விரையே கடித்துவிடும்.

பெண் சிலந்தி 20 ஆண்டுகள் வரை வாழக்கூடும். பிள்ளை மணமுடித்துச் சென்றபின் அதனைப் பேணப்போவது யார்? வாங்குமுன் பெற்றோர் இதனை எண்ணுவார்களாக.