போடிமெட்டு ஏறினால் ராட்டினம் எதற்கு?

பாயசத்துக்குத் தட்டிப் போடும் ஏலக்காய் எந்த ஊர் சரக்கு என்று கேட்டால், போடிநாயக்கனூரைச் சொல்லாதவர்கள் குறைவு. மலையில் விளைவது ஏலக்காய். அதை ஏலம் போட்டு விற்பது எங்கள் ஊர். அதற்காக இங்கே வருகிறவர்கள் எல்லோரும் வியாபாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கோடை விடுமுறை வந்துவிட்டால், மூணாறுக்குப் போகிற கார்களும் வேன்களும்தான் எங்கள் தெருக்களை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஊரைத் தாண்டி முந்தல் வந்ததும் ஏற்றம் ஆரம்பம். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும். மேலே போகப் போக, பெட்டியில் சால்வை வைத்தோமா என்று கை தேடும். மெட்டைத் தாண்டினால் கேரளம். மர நிழலில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் ஏலச் செடிகள் இரு பக்கமும் கூடவே வரும். காய்கள் உச்சியில் இருக்கும் என்று அண்ணாந்து பார்க்காதீர்கள். தூரோடு ஒட்டி, தரையில் படரும் சரங்களில்தான் அவை காய்க்கும்.

போன வருடம் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் நாத்தனார் மகனை இந்த வழியாக அழைத்துப் போனோம். எங்களுக்கெல்லாம் வயிற்றைப் புரட்டுகிறது. அவனுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.

"அத்தே, இதுக்கு ஒரு டிக்கெட் போட்டா எங்க ஊர்ல கூட்டம் அலைமோதும்!"

"டிக்கெட்தான் இருக்கேப்பா. மூணாறு பஸ்ல ஏறிப் பாரு, கண்டக்டர் கிழிச்சுக் குடுப்பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பையன் ஒரு ரசிகர் மன்றத்தில் உறுப்பினர். நம் பக்கம் ரசிகர் மன்றம் என்றால் சினிமா நடிகருக்குத்தான். அங்கே ரோலர் கோஸ்டருக்கே மன்றம் இருக்கிறது! தண்டவாளத்தில் ஏறி, தலைகுப்புற இறங்கி, உயிரைக் கையில் பிடிக்க வைக்கும் அந்தச் சவாரிதான். 'அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ்' என்று அதற்குப் பெயர். 1978-ல் ஆரம்பித்தது. எத்தனை சவாரி ஏறினோம், எந்த ஊரில் ஏறினோம் என்று குறித்து வைப்பதுதான் உறுப்பினர்களுக்குப் பெருமை. சில பூங்காக்கள் பொதுமக்கள் வருவதற்கு முன்போ, எல்லோரும் போன பின்போ இவர்களுக்கென்று தனியாகச் சவாரியை ஓட்டிக் காட்டுமாம். வேலையற்ற வேலை என்று எனக்குத் தோன்றியது. ஆனால், பழைய சவாரிகளை இடித்துத் தள்ளாமல் காப்பாற்றக் குரல் கொடுப்பதும் இவர்கள் வேலை என்று கேட்டதும், கொஞ்சம் மரியாதை வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஆல்டூனா என்ற ஊரில் 1902-ல் கட்டிய மரச் சவாரி ஒன்று 1985-ல் நின்றே போனது. அன்பர்கள் பாடுபட்டு 1999-ல் மறுபடி ஓட வைத்தார்களாம்.

அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர்ச் சமாசாரம் ஒன்று ஞாபகம் வந்தது. குரங்கணிக்கு மேலே தெரிகிற டாப் ஸ்டேஷன் என்ற இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமோ? மூணாறிலிருந்து தேயிலையைச் சுமந்து வந்த குட்டி ரயிலுக்கு அதுதான் கடைசி நிலையம். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் அடிவாரத்துக்கு இறங்கி, போடிக்கு வந்து சேரும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி போடவே இல்லை. அதற்கு மன்றம் வைக்க அப்போது யாரும் இல்லை!

இனி, பர்ஸைத் தொடும் பகுதிக்கு வருவோம்.

ரசிகர்களைக் கையில் வைத்துக்கொள்ளப் பூங்காக்காரர்கள் பல வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை பணம் கட்டினால் வருடம் முழுவதும் வரலாம் என்று ஒரு அட்டை. அடுத்த தடவைக்குத் தள்ளுபடிச் சீட்டு. பிறந்த நாளுக்குச் சலுகை. செலவழிக்கச் செலவழிக்கப் புள்ளி சேர்கிற ஏற்பாடு. இதெல்லாம் நம் பக்கமும் வந்தாயிற்று. கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வருடம் முழுவதும்' என்றால் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். பல அட்டைகளில் பண்டிகை, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்கள் சேராது. பிள்ளைகளை வைத்திருக்கிற நாம் வேறு எந்த நாளில் போவது?

கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 2021-ல் கொண்டுவந்த அட்டைகளில் விலை உயர்ந்தது 1,399 டாலர். தடை நாள் என்று எதுவும் கிடையாது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் போவதற்கு முன்பதிவு செய்ய வேண்டும். போகப் பார்த்தால் இடமில்லை! ஒரு பெண்மணி விடவில்லை, வழக்குப் போட்டுவிட்டார். 2023-ல் அந்தக் கம்பெனி 95 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பெரிய கம்பெனி அட்டையிலும் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

எங்களை மாதிரி மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கொச்சிக்குப் பக்கத்தில் 2000-ல் வீகாலாண்ட் என்று ஆரம்பித்து இப்போது வொண்டர்லா என்று பெயர் மாறியிருக்கும் பூங்காவுக்கு, மூணாறு வழியாகப் போனால் கிட்டத்தட்ட ஒரு பகல் பயணம். அதே பெயரில் சென்னைப் பக்கம் திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறந்ததற்கு ஓர் இரவு ரயிலேற வேண்டும். (2010-ல் நின்ற எங்கள் ரயில் 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. அந்தச் சந்தோஷத்தை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்!) நுழைவுச் சீட்டு போல மூன்று மடங்கு விலையில் வருட அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு தடவை போனால்தான் லாபம். நாலு பேர், நாலு தடவை, போக வர வண்டிச் செலவு, ராத் தங்கல், சாப்பாடு... அட்டையில் மிச்சம் பிடித்ததைப் போல் எத்தனை மடங்கு வழியில் போய்விடும்! பூங்கா வாசலுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தால் வாங்கலாம். போடியில் இருந்துகொண்டு வாங்குவது, உரல் இல்லாத வீட்டில் உலக்கை வாங்கி வைப்பதுதான்.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. அடிக்கடி வருகிறவருக்குத் தள்ளுபடி என்றால், முழு விலை கொடுப்பது யார்? வருடமெல்லாம் சேர்த்து, ஆயுசில் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்தான். எங்கள் ஊரிலிருந்தும் தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்தும் காய் எடுக்க மலைக்குப் போகிற பெண்கள் விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவார்கள். பழுத்தது எது, பிஞ்சு எது என்று பார்த்துப் பார்த்து, குனிந்தபடி நாள் பூராவும் எடுத்துவிட்டு, சாயந்திரம் அதே வளைவுகளில் இறங்குவார்கள். என் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அம்மாவின் மகளும் அவர்களில் ஒருத்தி. நாத்தனார் மகன் விரல் விட்டு எண்ணியதைச் சொன்னேன். "நாங்க எண்ண ஆரம்பிச்சா வெரல் பத்தாதுக்கா" என்று சிரித்தாள்.

அவள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பூங்கா, வீரபாண்டித் திருவிழாதான். தேனியைத் தாண்டி, முல்லைப் பெரியாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழாவுக்கு ராட்டினக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். பெரிய ராட்டினம், கப்பல், குழந்தைகளுக்குக் குதிரை. இரவெல்லாம் வெளிச்சம். தீச்சட்டி எடுத்தவர்கள் ஒரு பக்கம், பொரி கடலை ஒரு பக்கம். அட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனாலும் வருடம் தவறாமல் அதே குடும்பங்கள் வருகின்றன. என் மாமியார் எண்பது வயதிலும், "அந்த மரக் குதிரை வந்திருக்கா பாரு" என்று கேட்பார். மன்றம் என்றால் இதுவும் மன்றம்தானே?

பெரிய பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், தனித் தனியாகப் போகாதீர்கள். பல பூங்காக்களில் கூட்டமாகப் போனால் தள்ளுபடி உண்டு. எத்தனை பேர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு சேர்ந்து மாதம் 200 ரூபாய்ச் சீட்டு போடுகிறோம். பால்காரம்மா மகளும் சேர்ந்திருக்கிறாள். காய் இல்லாத மாதங்களில் அவளால் கட்ட முடியாது, அறுவடை ஆரம்பித்ததும் சேர்த்துக் கட்டட்டும் என்று பேச்சு.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பிணிகள் குலுக்குகிற சவாரி எதிலும் ஏற வேண்டாம். இரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் அப்படியே. வாசலில் உயர அளவு எழுதி வைத்திருப்பது வேடிக்கைக்கல்ல. உயரம் போதாத குழந்தையைப் பிடிப்புக் கம்பி தாங்காது. அழுகிறதே என்று கெஞ்சி ஏற்றிவிடாதீர்கள். மலைப் பாதைக்கு வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். எலுமிச்சம்பழம் ஒன்று, சுக்கு மிட்டாய், வாயில் அடக்கிக்கொள்ள நாலு ஏலக்காய். இதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

வரும் மே மாதம் எங்கள் சீட்டு முதிர்கிறது. கொச்சியா, வீரபாண்டியா என்று இன்னும் முடிவாகவில்லை. ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதில் மட்டும் இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.