வரைபடத்தில் இல்லாத வீடு

நுழையும்முன்

கற்பிப்பவரும் கற்றுக்கொண்டே இருக்கிறார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர், கோடைப் பயணத்தில் தாம் பெற்ற பாடத்தையும் தம் மாணவியிடம் பெற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் நினைவுகூர்கிறார்.

புளியங்கொட்டையும் பனையோலையும்

1994ஆம் ஆண்டு, செங்கல்பட்டுப் பகுதியில் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியராகப் பணியேற்றேன். அது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே அறைகள். முதல் மூன்று வகுப்புகள் என் பொறுப்பாயின. ஒரு கரும்பலகையும் கிழிந்த இந்திய வரைபடமுமே அங்கிருந்த கற்பித்தல் கருவிகள். ஆகவே, கைக்கு எட்டியவற்றையெல்லாம் கருவிகளாக்கிக்கொண்டோம். புளியங்கொட்டைகளைப் பத்துப்பத்தாகத் துணியில் முடிந்து இடமதிப்பைக் கற்றோம். பனையோலையை நறுக்கி எழுத்துகள் செய்தோம். பள்ளிச் சுவரில் ஒவ்வொருவர் உயரத்தையும் கரியால் குறித்து, ஆடியிலும் தையிலும் அளந்து கழித்தல் கணக்குப் போட்டோம். பிள்ளைகள் மகிழ்ந்தனர். நானும் நல்லாசிரியர் என்னும் நிறைவில் இருந்தேன்.

சேவாகிராமத்தில் ஒரு கோடை

1997ஆம் ஆண்டு மே மாதம், வார்தாவுக்கு அருகிலுள்ள சேவாகிராமத்திற்குச் சென்றேன். விதர்ப்பப் பகுதியின் வெயில் கண்ணைக் கூசச் செய்தது. காந்தியடிகள் வாழ்ந்த மண்குடிலுக்குள் நுழைந்ததும் வெம்மை தணிந்தது. அதன் மண்சுவரில் மீராபென் புடைப்பாக வடித்த பனைமரங்களைக் கண்டபோது, எங்கள் ஏரிக்கரைப் பனைகள் நினைவுக்கு வந்தன.

1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில்தான் ஆதாரக்கல்வித் திட்டம் உருவெடுத்தது. அதன் பாடத்திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன். அதனைச் சேவாகிராமத்தில் நடைமுறைப்படுத்தப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். அவருடைய துணைவியார் ஆஷாதேவியும் அப்பணியில் உடனிருந்தார். தக்ளியில் நூற்ற நூலை அளந்தால் அது கணக்கு. பருத்தி விளையும் மண்ணை ஆராய்ந்தால் அது புவியியல். ஆடையின் கதையைக் கேட்டால் அது வரலாறு. குழந்தையின் கையும் அது வாழும் ஊரும் பாடநூலாகலாம் என்னும் எண்ணத்தோடு ஊர் திரும்பினேன்.

நான் வரைந்த கோடு

பள்ளி திறந்ததும், ஊரின் வரைபடத்தை முற்றத்து மணலில் அமைக்கத் தொடங்கினோம். ஊரெல்லையைச் சுண்ணாம்புத் தூளால் நானே வரைந்தேன். மணலைக் குவித்து ஏரிக்கரை எழுப்பினோம். துடைப்பக் குச்சிகள் பனைமரங்களாயின. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, தம் வீட்டுக்கு அடையாளமாக ஒரு செங்கல் துண்டை வைத்தனர்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் துண்டைக் கையில் வைத்தபடி நின்றாள்.

“எங்க வீட்டை எங்க டீச்சர் வைக்கிறது?”

கலங்கலுக்கு அப்பால் இருந்த எட்டு இருளர் குடிசைகளுள் ஒன்று அவளுடையது. மதிய மணி அடிக்கும் நேரம். “அது ஊருக்கு வெளியே இருக்கிறதே! கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது வை” என்று சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையை அழைத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த மூன்று நாள்களும் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை, கரைமேல் நடந்து அவள் குடிசைக்குச் சென்றேன். அவளுடைய தாய் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“நாமதான் ஊர்லயே இல்லையாமே, அப்புறம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதுக்குப் போகணும்னு கேக்குது டீச்சரம்மா.”

அந்தச் செங்கல் துண்டு திண்ணையில் கிடந்தது. என் கவனக்குறைவுக்கு மன்னிக்கும்படி அச்சிறுமியிடம் கேட்டேன். அவள் விடை கூறவில்லை. ஆனால், மறுநாள் துண்டுடன் பள்ளிக்கு வந்தாள்.

வழிகள் கூடிய ஊர்

மணலைக் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கினோம். இம்முறை எல்லைக்கோடு போடவில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, அடிகளை எண்ணி வந்து வரைய வேண்டும் என்றேன். அவ்வழிகள் எல்லாம் கூடியதே எங்கள் ஊராயிற்று. அவளுடைய வழியே எல்லாவற்றிலும் நீளமானது. அதன் இருபுறமும் ஆடாதோடை, துத்தி, நன்னாரி நிற்குமிடங்களையும், நண்டு வளைகளையும் அவள் குறித்தாள். எந்த வளையில் எலி இருக்கும், எது வெறும் வளை என்பதையும் விளக்கினாள். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வியந்து கேட்டனர். அடுத்த நாள், வகுப்பு முழுவதும் அவள் பின்னால் கரைமேல் நடந்தது, நானும் நடந்தேன்.

சூளை வேலை தேடி அக்குடும்பங்கள் வேற்றூர் சென்றபோது, அவள் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள்.

பின்னொரு கோடையில் சாந்திநிகேதன் சென்றேன். 1901இல் தாகூர் ஐந்து மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி அது. விடுமுறையாதலால் மரத்தடி இருக்கைகள் வெறுமையாக இருந்தன. அவ்வட்டத்தில் எல்லாருக்கும் இடம் இருக்கிறதா என்றுதான் என் கண்கள் முதலில் தேடின. சேவாகிராமம் எனக்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தது. அம்முறையை யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதை, கையில் செங்கல் துண்டுடன் நின்ற சிறுமியே கற்றுக்கொடுத்தாள்.

இன்று பாடநூற் குழுவில் அமர்ந்து ஒவ்வொரு பாடத்தையும் படிக்கும்போது, அதில் வரும் வீடு, தெரு, திருவிழா ஆகியவற்றினிடையே அவளது வீட்டைத் தேடுகிறேன். இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் சிலர் நாளை ஆசிரியர்களாவீர்கள். கோடு வரையும் முன், கையில் துண்டுடன் யாரேனும் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைபடமாக வரைந்து, அதில் நீங்கள் மட்டுமே அறிந்த மூன்று இடங்களைக் குறித்து வகுப்பில் விளக்குக.