அப்பா கட்டின ஈ

உருளைக்கிழங்குக்கு மண் அணைச்சு முடிச்ச மறுநாள், அப்பா பழைய பிஸ்கட் டப்பாவை என் மடியில வெச்சாரு. உள்ளே தூண்டில் முள்ளு, ஆரஞ்சு பட்டுநூல், பெட்டைக்கோழிக் கழுத்து இறகு, அவரு கட்டினதுல மிச்சமிருந்த ஒரே ஒரு ஈ. "கண்ணு தெரியலப்பா, இனி நீ கட்டு"ன்னாரு.

அவலாஞ்சியில வெள்ளைக்காரங்க 1907-ல டிரவுட் குஞ்சுப் பண்ணை போட்டாங்க. ஈ கட்டுற வித்தையும் அவங்க கொண்டு வந்ததுதான். அப்பா ஒரு எஸ்டேட் தொரைகிட்ட கத்துக்கிட்டாரு.

முள்ளுமேல நூலைச் சுத்தினா உடம்பு. முன்னால இறகு ரெண்டே சுத்து. நான் நாலு சுத்திட்டேன். விரலால தடவிப் பார்த்துட்டு, "இது ஈயா, விளக்குமாறா?"ன்னாரு. சேவல் இறகு விறைப்பு, மிதக்கும். பெட்டை இறகு மெத்துன்னு இருக்கும். முங்கின பூச்சி மாதிரி தண்ணிக்குள்ள அசையும்.

பர்மிட் வாங்கிட்டு ஓடைக்குப் போனோம். என் ஈயை நம்பாம டப்பாவுல இருந்த அவரோடதையே மாட்டினேன். குறுக்கே வீசி ஓட்டத்தோட விட்டேன். ஈ வளைஞ்சு வந்து மேலேறுற நேரத்துலதான் மீன் கவ்வும். கவ்விச்சு. அவசரப்பட்டு இழுத்தேன், தங்கூசி அறுந்துபோச்சு.

"போச்சா?"ன்னாரு அப்பா, தண்ணி சத்தத்தை வெச்சே. "உன்னோடதுதானே, இன்னொண்ணு கட்டிக்கலாம்."

நானும் ஆமான்னுட்டேன்.