அக்காவின் சிரப் பாட்டிலும் என் பழைய பாடமும்

இன்று ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு 74 வயது. தை மாதம் கொல்லையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று டாக்டர் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை தொடங்கியதும் மலச்சிக்கல். அதற்கு லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார்.

நான் பார்த்தபோது சிரப் பாட்டில் மூடிகூடத் திறக்காமல் அலமாரியில் இருந்தது. மாத்திரை அட்டையும் பாதியில் நின்றிருந்தது.

"ஏன்க்கா சாப்பிடலை?"

"பேதிக்குக் குடுக்கிற மருந்துடா அது. குடிச்சா மாத்திரைச் சத்தெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிடாதா? அது இல்லாம மாத்திரை போட்டா வயிறு கல்லாட்டம் இருக்கு. ரெண்டையும் விட்டுட்டேன்."

"யாருக்கா சொன்னா இப்படி?"

"நீதான். திண்ணையில பசங்களுக்குப் பாடம் எடுப்பியே. சத்தெல்லாம் சிறுகுடலோட சரி, பெருங்குடல் தண்ணியை மட்டும்தான் உறிஞ்சும்னு. அரிசி புடைச்சுக்கிட்டே எத்தனை தடவை கேட்டிருக்கேன்!"

எனக்குப் பேச்சு வரவில்லை. உங்களில் பலருக்கும் அதையேதான் சொன்னேன், பரீட்சையில் எழுதவும் வைத்தேன்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். லாக்டுலோஸ் என்பது பால் சர்க்கரையான லாக்டோஸிலிருந்து தயாரிக்கும் ஒரு சர்க்கரை. காலக்டோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்தது. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி நம் குடலில் இல்லை. அதனால் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது, மலம் இளகுகிறது. அக்கா பயந்தது இந்தப் பாதியை.

மறுபாதிதான் நான் சொல்லித்தராதது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. நம் வீட்டு மாவு புளிப்பதுபோல அதைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. அமிலத்தில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் நன்றாகக் கரையும். முட்டை ஓட்டை வினிகரில் போட்டுக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? கரைந்த தாதுவில் ஒரு பங்கைப் பெருங்குடல் சுவரும் உறிஞ்சிக்கொள்கிறது. பெரும்பங்கு வேலை இன்னமும் சிறுகுடலுடையதுதான். ஆனால் அதோடு கதை முடியவில்லை.

1999-இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினம் 10 கிராம் லாக்டுலோஸ் கொடுத்தபோது கால்சியம் உறிஞ்சப்படுவது கூடியது. 2005-இல் அமெரிக்காவில், வளரும் பிள்ளைகளுக்கு இன்யுலின் வகைச் சர்க்கரையைத் தினம் 8 கிராம் வீதம் ஓராண்டு கொடுத்தார்கள். அவர்களுக்குக் கால்சியம் உறிஞ்சுதலும் எலும்பின் தாது அடர்த்தியும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. இரும்புச்சத்து விஷயத்தில் மனிதர்களிடம் இவ்வளவு தெளிவான சான்று இல்லை.

இந்த இன்யுலின் வகை நம் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. பயறு, பருப்பில் இருக்கும் ராஃபினோஸும் செரிக்காத சர்க்கரைதான். வாயு தொல்லைக்குக் காரணமும் அதே பாக்டீரியா வேலைதான். அதனால் எதுவும் அளவோடு. சிரப்பை அளவு மீறிக் குடித்து வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரும் உப்புகளும் வெளியேறும். அக்கா பயந்தது அப்போது உண்மையாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அக்காவிடம் சொன்னேன். "அப்ப நீ சொன்னது தப்பாடா?" என்றாள். "தப்புதான்க்கா" என்றேன். டாக்டருக்குப் போன் போட்டு அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றே மூடியைத் திறந்தோம்.

நேற்று அக்கா போனில் பேசினாள். வயிறு லேசாக இருக்கிறதாம், மாத்திரையும் ஒழுங்காகப் போகிறதாம். எலும்பு எப்படி என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும்.

பிள்ளைகளே, பெருங்குடல் பாடத்தில் அந்த "மட்டும்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். வகுப்பறையில் சொன்ன ஒரு சொல் இத்தனை வருஷம் கழித்து ஒரு மருந்து பாட்டிலை மூடியே வைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் வேறு ஏதாவது தவறாகச் சொல்லித்தந்திருந்தால் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்ள எனக்கு இன்னும் வயது இருக்கிறது.

என்றும் உங்கள்
உயிரியல் வாத்தியார்