ஜிகணியில் ஐந்து நாள்: அத்தை கை தூக்கிய கதை

ஓசூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போய், பொம்மசந்திராவில் இடப்பக்கம் திரும்பினால் ஜிகணி சாலை. வழியெங்கும் கிரானைட் பட்டறைகள். பின் சீட்டில் அத்தை, இடது கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்துவிட்டன. கரன்ட் வைக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. "யோகாவுலயே சரியாயிட்டா கரன்ட் எதுக்குடா?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பயமே அதுதான்.

ஜிகணியைத் தாண்டியதும் தூசி அடங்கி, மரங்கள் தெரிந்தன. எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழகத்தின் பிரசாந்தி குடீரம் வளாகம் அது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இடத்துக்கு ஆரோக்கியதாமா என்று பெயர். பயிற்சியாளர் முதலில் கேட்டது ஆஸ்பத்திரி ஃபைலை.

"கரன்ட் என்னைக்கும்மா ஆரம்பம்?"

அத்தை தயங்கினார்.

"கட்டாயம் போங்க. நோய்க்கு வைத்தியம் அங்கே. அதைத் தாங்குற தெம்புக்குத்தான் இங்கே."

எஸ்-வியாசாவும் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி.ஆண்டர்சன் புற்றுநோய் மையமும் சேர்ந்து செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. மார்பகப் புற்றுநோய்க்குக் கரன்ட் வைத்துக்கொண்ட பெண்களுக்கு, அந்த 6 வாரமும் வாரம் 3 முறை யோகா வகுப்பு. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் அவர்களுக்குக் கூடியிருந்தது. சிகிச்சைக்குப் பதிலாக அல்ல, சிகிச்சையோடு சேர்த்து!

காலையில் கண்மூடி 'அ', 'உ', 'ம' என்று ஓதினார்கள். வயிறு, நெஞ்சு, தலை என அதிர்வு ஏறுவதைக் கவனிக்க வேண்டும். பிறகு, ஒரு கையைக் காதோரம் உயர்த்திப் பக்கவாட்டில் வளையும் அர்த்தகடி சக்ராசனம். அத்தையின் கை தோள் உயரத்துக்கே வரவில்லை.

"வலிக்கிற இடத்துல நிறுத்திடுங்க. கரன்ட் வைக்கிறப்போ கையைத் தலைக்கு மேல வெச்சுத்தான் படுக்கணும். அதுக்குத்தான் இந்தப் பழக்கம்."

அத்தை அதன்பின் கேள்வி கேட்கவில்லை. ஐந்தாம் நாள் கை நெற்றிவரை வந்தது. ஊர் திரும்பியும் தினமும் செய்தார்.

நீங்களும் போவதாக இருந்தால், முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எலும்புக்கு நோய் பரவியவர்கள் குனிவது, முறுக்குவது போன்ற ஆசனங்களைத் தாங்களாகச் செய்யக் கூடாது.

கரன்ட் வைத்த முதல் நாள். வெளியே வந்த அத்தை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கை போச்சுடா மேல!"